கூரையிலிருந்து விழாத நாய்

முதல் மழை முந்தாநாள் பெய்தது. டியூஷன் அறைச் சுவரிலிருந்து அந்த எண்ணெய் வாடை மறுபடி கிளம்பிவிட்டது. எண்ணெயோடு வந்த போன வருஷ வெள்ளம் இடுப்பளவில் விட்டுப்போன கறுப்புக் கோட்டின் மேல் எத்தனை முறை வெள்ளையடித்தாலும் ஈரம் பட்டதும் மண்ணெண்ணெயும் சாக்கடையும் கலந்த அதே நாற்றம். கொருக்குப்பேட்டையில் பிறந்தவளுக்கு இது புதுசா என்று கேட்பாய். நாற்றம் புதுசு இல்லை. நீ இல்லாமல் அதை முகர்வதுதான் புதுசு.

நீ போன பிறகு உன் இங்கிலீஷ் வகுப்பும் என் தலையில்தான். கணக்கு மிஸ் நான் இங்கிலீஷ் நடத்தும் லட்சணத்தைப் பார்க்க நீ இல்லாதது ஒருவகையில் நல்லது. நேற்று ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி போனை நீட்டினாள். கனமழையை 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்று ஏன் சொல்கிறார்கள் என்று அதில் ஒரு செய்தி. அந்தக் கால இங்கிலாந்தில் ஏழைகளின் வீடெல்லாம் வைக்கோல் கூரையாம். நாயும் பூனையும் கதகதப்புக்கு அதன்மேல் படுத்திருக்குமாம். மழை பெய்தால் வழுக்கித் தெருவில் விழுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. இதே கதையைச் சொல்லித்தானே முதன்முதலில் உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நாம் சேர்ந்து டியூஷன் ஆரம்பித்த புதிது. ஏதோ பெரிய விஷயம் போல நான் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ ராயபுரத்துக் கடலோரக் குடிசையில் வளர்ந்து எங்கள் தெருவுக்குக் குடிவந்தவள். சாக்பீஸைக் கீழே வைத்தாய்.

"இன்னாமே, கூரை மேல நாய் படுத்துகினு கீறத நீ பாத்துக்கீறியா? மழை வந்தா பூனை அடுப்பாண்ட போவும், கூரைக்கா போவும்? எங்க வூட்டுக் கூரை மேல தார்ப்பாய் பறக்காம இருக்க டயர் போட்டு வச்சிருந்தோம். அப்போ டயரா பேஞ்சுதுன்னு எழுதுவானா?"

பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. "ஏழை வூட்டப் பத்தி இன்னா சொன்னாலும் நம்பிடுவாங்க" என்றாய். அது உன் கோபம் என்று எனக்குப் புரிய நாளானது.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அன்று தொடங்கியது நம் வழக்கு. புயலுக்கு நாயையும் மழைக்குப் பூனையையும் கட்டிவிட்ட பழைய ஐரோப்பியக் கதைகளிலிருந்து வந்தது என்பார்கள் சிலர். அருவியைக் குறித்த ஏதோ ஒரு சொல் திரிந்து வந்தது என்பார்கள் வேறு சிலர். எல்லாவற்றையும் தேடிப் படித்தாய், எல்லாவற்றையும் தள்ளினாய். அந்தக் காலத்து லண்டனில் மழை வந்தால் சாக்கடை பொங்கிச் செத்த பூனையும் நாயும் தெருவில் மிதந்து வரும், அதைக் கண்ணால் பார்த்தவன் சொன்னதுதான் இது என்பது உன் கட்சி. மூலமே கிடையாது என்பது என் கட்சி. "பேய்மழைன்னு சொல்றோம். எந்தப் பேய் எந்தத் தெருவுல வுழுந்துச்சு? சும்மா வாய்க்கு வந்தது" என்பேன். "விடை ஜீரோன்னு வந்துட்டா உனக்கு அவ்ளோ சந்தோசம்" என்பாய். டீ ஆறிப்போகும் வரை சண்டை போட்டுவிட்டு அடுத்த வகுப்புக்குப் போவோம்.

போன வருஷம் வெள்ளம் வடிந்த அன்று நம் தெருத் தண்ணீர் வடிய வேண்டிய வாய்க்கால் வரை இரண்டு பேரும் நடந்தோம். ரயில் தண்டவாளத்துக்கு அடியில் வாய்க்கால் நுழைகிற இடத்தில் மண்ணும் பிளாஸ்டிக்கும் முக்கால்வாசி அடைத்துக் கிடந்தன. அந்த அடைப்பில் ஒரு நாய், இரண்டு பூனைகள். எண்ணெய் படிந்து மூன்றும் ஒரே கறுப்பாக இருந்தன. நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். நீ பொத்தவில்லை.

"பாத்தியா" என்றாய்.

"செத்த நாயை வச்சு ஜெயிக்கப் பாக்காத" என்று கத்தினேன்.

"ஜெயிக்கலமே. இத எவனோ ஒருத்தன் அங்கயும் பாத்து வயிறெரிஞ்சு சொல்லிக்கீறான். பின்னால வந்தவன் அழகா கீதுன்னு எடுத்துக்கினான்."

ஆதாரம் எங்கே என்று கேட்டேன். இல்லை என்று நீயே ஒப்புக்கொண்டாய். உன்னிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

அடுத்த மாதம் சமுதாயக் கூடத்துக்கு ஓர் அதிகாரி வந்தார். தெருவையே காலி செய்துகொண்டு ஊருக்கு வெளியே அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விடுங்கள் என்றார். "அன்னைக்கு கேட்ஸ் அண்ட் டாக்ஸா கொட்டுச்சு. இயற்கையை யார் என்னம்மா பண்ண முடியும்?" என்றார். நீ எழுந்தாய். அதிகாரி முன்னால் பாஷையை மாற்றிக்கொள்கிற ஆள் இல்லை நீ.

"சார், நாய் வானத்துலேர்ந்து வுழல. எங்க தெரு நாய் அது. வாய்க்கா அடைச்சுகினு செத்துச்சு. மொதல்ல வாய்க்காலத் தூர் வாருங்க. அப்பாலயும் தண்ணி வந்துச்சுன்னா நாங்களே மூட்டையக் கட்டுறோம்."

பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். யாரும் பார்க்கவில்லை. சித்திரை மாதம் உன் மூச்சு நின்றுபோனது. வாய்க்கால் அப்படியே கிடக்கிறது.

இன்று காலை அதே கூடத்தில் மறுபடி கூட்டம். இந்த முறை சம்மதக் கையெழுத்து வாங்கவே வந்திருந்தார்கள். வெளியே மழை. போன வருஷம் கட்டிலைச் செங்கல் மேல் ஏற்றி ஏற்றி அலுத்துப்போன ஜனங்கள், போட்டுத் தொலைத்துவிடலாம் என்று முணுமுணுத்தார்கள். பக்கத்து வீட்டு மீன்காரம்மா பேனாவைக் கையில் எடுத்தேவிட்டார். கூட்டத்தில் நான் வாய் திறந்ததே கிடையாது, உனக்குத் தெரியும். எழுந்தேன். கால் நடுங்கியது. நீ சொன்னதையே ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன்.

அதே அதிகாரிக்கு எரிச்சல். "போன தடவையும் ஒரு டீச்சர் இதையேதான் சொன்னாங்க. எங்க அவங்க?"

"அவ செத்துட்டா சார். வாய்க்கா இன்னும் அடைச்சுகினு தான் கீது."

சத்தியமாகச் சொல்கிறேன், உன்னுடைய அந்தக் 'கீது' என் வாயில் தானாக வந்தது. மீன்காரம்மா பேனாவை மேசைமேல் வைத்தார். "மொதல்ல வாய்க்காலக் காட்டுறோம், வா சார்" என்றார். அதிகாரி வரவில்லை. ஆனால் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த வாரம் மறுபடி வருவார்களாம். வரட்டும்.

நான் உன் கட்சியில் சேர்ந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது என்றுதான் அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம் சொன்னேன். நாளைக்கும் அதையேதான் சொல்வேன். லண்டன் நாய் எப்படிச் செத்ததோ எனக்குத் தெரியாது. நம் தெரு நாய் எப்படிச் செத்தது என்று தெரியும். அதை மழையின் தலையில் கட்டிவிட்டு எங்களைக் கிளப்ப யார் வந்தாலும் எழுந்து நிற்பேன். கால் நடுங்கினால் நடுங்கட்டும். உட்கார மாட்டேன்.