மாத்திரையும் சாட்சியும்

ஜூலை 6, ஞாயிறு
ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டி ஜெபசிங் அண்ணாச்சி தோளில் கைபோட்டார். "கிங்ஸ்லி, ஒனக்குக் காதுல கேட்ட குரலெல்லாம் நின்னு வருசமாச்சுல்லா? அசன விருந்தன்னைக்கு சபை முன்னால சாட்சி சொல்லுலே. கர்த்தர் பூரண சுகம் தந்தாருன்னு சொல்லு."
சரி என்றுவிட்டேன். பூரண சுகம் என்றால் ராத்திரி மாத்திரை எதற்கு?

ஜூலை 9
சபை நடுவில் நின்று பொய் சொல்ல மாட்டேன். மாத்திரையை நிறுத்தினால் சாட்சி உண்மையாகிவிடும். நிறுத்திவிட்டேன். ஷாரோனிடம் சொல்லவில்லை. மனைவியிடம் மறைப்பது எந்தக் கணக்கு?

ஜூலை 14
மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து இருந்த கை நடுக்கம் குறைந்திருக்கிறது. பழக்கடையில் ரம்புட்டான் நிறுக்கும்போது ஒன்றுகூடச் சிந்தவில்லை.

ஜூலை 24
ஐந்தருவிக் கடையில் நல்ல கூட்டம். ஒருவர் மங்குஸ்தானை எடுத்துப் பார்த்து, திரும்ப வைத்தார். ஏன் அந்தப் பழம்? எனக்கு எதையோ சொல்லுதாரு. அருவி இரைச்சலுக்குள்ள என்னப் பத்திப் பேசுதாங்க — மெதுவாத்தான். ஆனா பேசுதாங்க.

ஜூலை 26
ஷாரோன் முகத்தைப் பார்த்தே கேட்டாள். "மாத்திரைய நிறுத்திட்டியளா?" திட்டவில்லை. கடையை அடைத்துத் தென்காசிக்குக் கூட்டிப்போனாள்.
டாக்டரம்மா மறுபடி பொறுமையாகச் சொன்னார். எது முக்கியம் என்று மூளைக்குக் காட்டுவது டோபமைன். ஸ்கிசோஃப்ரினியாவில் ஒரு பாதையில் அது மிஞ்சிப்போகிறது. சும்மா வைத்த மங்குஸ்தானும் முக்கியமாகிவிடுகிறது. டோபமைன் உட்காரும் ஏற்பிகளில் மாத்திரை போய் இடம்பிடித்துக்கொள்ளுமாம். "கை அசைவுக்கான பாதையிலயும் அதே ஏற்பி இருக்கு. அதான் நடுக்கம். வேற மாத்திரை தாரேன். நீங்களா நிறுத்தாதீங்க."
நடுக்கத்தை இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்தது என் மடத்தனம்.

ஆகஸ்ட் 17
குரல் இல்லை. அருவி சும்மா இரைகிறது. நிம்மதி.

ஆகஸ்ட் 31, ஞாயிறு
அசனம். மைக்கில் சொன்னேன்: "கர்த்தர் சுகம் தந்தார். நேத்து ராத்திரியும் மாத்திரை போட்டேன். இன்னைக்கும் போடுவேன்." ஒரு ஸ்தோத்திரம்கூட வரவில்லை. ஜெபசிங் அண்ணாச்சி தலை நிமிரவே இல்லை. பயமாகத்தான் இருந்தது.
பந்தியில் குழம்பு வாளியோடு அவர் இலைக்கு வந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்தார். பக்கத்தில் இழுத்து மெதுவாகக் கேட்டார்.
"அந்த டாக்டரம்மா என்னைக்கெல்லாம் பாப்பாவ? எங்க வீட்டுல சின்னவ ரூமை விட்டு வெளிய வரமாட்டேங்கா. யாரோ பேசுதாங்கன்னு அழுதா."
"நாளைக்கே போவோம், அண்ணாச்சி."
கடையை ஷாரோன் பார்த்துக்கொள்வாள்.