அப்பா முட்டையை நிறுத்திய வாரம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுறேன். நானும் அப்பாவும் கை கால் சுகத்தோட இருக்கோம், தலையைப் பத்தித்தான் இந்தக் கடிதம், பதறாம உக்காந்து படி. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருப்பீங்கன்னு நம்பறேன்.

போன மாசம் எதிர் கட்டடத்துல மூணாவது மாடி முடி வெட்டுறவர் வீட்டுல குழாய் ஒழுகுதுன்னு அப்பாவைக் கூப்பிட்டாங்க. இவர் பையைத் தூக்கிக்கிட்டு ரெண்டாவது மாடி வாத்தியார் வீட்டுக்குப் போயிட்டார். வீட்டு ஓனர் அனுப்பியிருப்பார்னு வாத்தியாரோட மருமகளும் உள்ள விட்டுட்டா. நல்லா ஓடிக்கிட்டிருந்த குழாயை அக்கு வேறா ஆணி வேறா கழட்டிப் போட்டுட்டார். குளிச்சிக்கிட்டிருந்த வாத்தியார் தலை நிறைய சோப்போட துண்டைக் கட்டிக்கிட்டு வந்து தண்ணி எங்கய்யான்னு கேட்டா, தண்ணியை நிறுத்தாம எப்படி வேலை பாக்கறதுன்னு இவர் அதட்டியிருக்கார். வீடு மாறி வந்துட்டீங்கன்னதுக்கு, நான் சரியாத்தான் வந்தேன், நீங்கதான் ஒரு மாடி கீழ குடியிருக்கீங்கன்னாராம். தெருவே சிரிச்சுது, நானும்தான். ஆனா கழட்டினதைத் திருப்பி மாட்டத் தெரியாம தரையில உக்காந்து வாஷரையே பாத்துக்கிட்டிருந்தார்னு மருமகப் பொண்ணு என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னா. நாப்பது வருஷம் குழாய் வேலை பாத்த மனுஷன். அப்புறம் எனக்குச் சிரிப்பு வரல.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டரம்மாவுக்கு உன் வயசுதான் இருக்கும். கடிகாரம் வரையச் சொன்னா, இவர் வட்டத்தை மட்டும் போட்டுட்டு, கடிகார ரிப்பேர் என் வேலை இல்லம்மான்னுட்டார். அப்புறம் ஸ்கேன். வயசாக ஆக மூளையில செல்லுங்களுக்கு நடுவுல ஒரு வகைப் புரதம் திட்டுத் திட்டாப் படியுமாம், மறதி தெரியறதுக்குப் பல வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிடுமாம், படிஞ்ச எல்லாருக்கும் மறதி வர்றதில்ல, ஆனா இவருக்கு ஆரம்பிச்சிருக்குன்னா. அப்பா நிமிர்ந்து உக்காந்து, அடைப்புதானே, எந்தப் பக்கம் திறக்கணும்னு கேட்டார். அந்தப் பொண்ணு சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கிட்டா. மருந்து இருக்கு, நோயோட ஓட்டத்தைக் கொஞ்சம் மெதுவாக்கும், போன ஞாபகத்தைத் திருப்பிக் கொண்டுவராதுன்னு அப்புறம் பொறுமையாச் சொன்னா.

வீட்டுக்கு வந்ததும் முட்டை, மீன், பால் எல்லாத்துக்கும் தடை போட்டார், புரதம் ஏறிடுமாம். ஒரு வாரம் ரொட்டியும் வெள்ளரிக்காயும்தான், பெல்ட்டுல புதுசா ஓட்டை போட வேண்டியதாச்சு. நான் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அது மூளை தானா உண்டாக்குற புரதம், முட்டை மேல பழி போடாதீங்க, நல்லா சாப்பிட்டு நடந்து தூங்கச் சொல்லுங்கன்னா. தூக்கத்துலதான் மூளை கசடை அலசி வெளிய தள்ளுதுன்னு வேற சொல்லித் தொலைச்சா. இப்ப மத்தியானம் மூணு மணி நேரம் குறட்டை. எழுப்பினா, உள்ள சுத்தம் நடக்குதுன்னு கண்ணைத் திறக்காமலே பதில் வருது.

முந்தாநாள் காலையில என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய், மெயின் வால்வு எது, சமையலறைக்குப் போறது எது, மேல தொட்டிக்கு எதுன்னு ஒவ்வொண்ணாத் தொட்டுக் காட்டினார். ஞாபகம் இருக்கறப்பவே சொல்லிடறேன், நாளைக்கு நீ ஆள் தேடி அலையக் கூடாதுன்னார். அவர் அடுத்த வீட்டுக் குழாய்க்கு ஓடின இத்தனை வருஷமும் நம்ம வீட்டு வால்வைத் திறந்து மூடினது யாருன்னு உனக்கே தெரியும். ஆனாலும் ஒண்ணுமே தெரியாதவ மாதிரி, மறுபடி சொல்லுங்கன்னு ரெண்டு தடவை கேட்டுக்கிட்டேன்.

நீ வேலையைப் போட்டுட்டு ஓடி வராதே, லீவு கிடைக்கறப்ப வா. ஞாயித்துக்கிழமை போன்ல அவர் ஒரே கேள்வியை மூணு தடவை கேட்டா, மூணு தடவையும் முதல் தடவை மாதிரியே பதில் சொல்லு. இப்பத்தானே சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே கண்ணு. நீங்க ரெண்டு பேரும் குறையில்லாம நீடூழி வாழணும்.

எப்பவும் உன் நினைப்போட,
அம்மா