ரொட்டி வண்டியும் நகராத புள்ளியும்

மார்ச் 3

அக்கா பெற்ற தங்கமே, சிட்டு,

மாமா இரும்பு மாதிரி இருக்கிறேன். நீதான் ஆஸ்பத்திரி வார்டில் நின்று நின்று கால் வீங்கிப் போயிருப்பாய். படுக்கும்போது காலை உயரமாக வைத்துக்கொள். இதை எனக்கு ஒரு பெரிய டாக்டர் சொன்னார். இல்லை, நான்தான் அவருக்குச் சொன்னேன்.

போனில் பேச வேண்டாம், மாப்பிள்ளை காதில் விழுந்துவிடும் என்று எழுதியிருந்தாய். சரிதான். மாடியில் அவர் தும்மினால் கீழே நான் மூக்கைத் துடைத்துக்கொள்கிற வீடு இது. மெசேஜும் எனக்குச் சரிப்படாது. நான் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் அடங்குமா?

விஷயத்துக்கு வருகிறேன். நீ கடல் தாண்டிப் போய் உழைத்து வாங்கிக் கொடுத்த வேனில் உன் வீட்டுக்காரர் பேக்கரி ரொட்டி ஏற்றிக்கொண்டு, கடை கடையாக இறக்கிப் போகிற லைனுக்குக் காலையில் கிளம்புகிறார், சாயங்காலம் திரும்புகிறார். நடுவில் நீ கூப்பிட்டால் எடுப்பதில்லை. எடுத்தாலும், "லைன்ல இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறார். வேறு எவளாவது இருக்கிறாளோ என்று உனக்குச் சந்தேகம். வண்டி போகிற இடத்தைக் காட்டும் கருவியைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா மாமா என்று கேட்டிருக்கிறாய். யாரைப் பார்த்துக் கேட்கிறாய்!

அதற்குப் பெயர் ஜிபிஎஸ். மூன்று எழுத்துக்கும் விரிவு தெரியும், தாளில் இடம் போதாது. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். டேஷ்போர்டுக்கு அடியில் ஒளித்து வைத்து பேட்டரி வயரோடு சேர்த்துவிட்டால், ஆகாயத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள் எல்லாம் மற்ற வேலையை விட்டுவிட்டு நம் வண்டியையே பார்க்கும். போனில் ஒரு பச்சைப் புள்ளி தெரியும். வண்டி எங்கேயோ, புள்ளி அங்கே. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் நான். (ஓட்டியவருக்குப் பக்கத்தில் நின்றேன். இரண்டும் ஒன்றுதான்.) எனக்கு இதெல்லாம் சுண்டைக்காய்.

வேண்டும், வேண்டாம், ஒரு வார்த்தை எழுது. மிச்சத்தை என்னிடம் விடு.

எதற்கும் துணிந்த
உன் தாய்மாமன்


மார்ச் 14

அன்புள்ள மாமா,

இடைவேளையில் எழுதுகிறேன், மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து சரியாகத் தூக்கம் இல்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது, கேட்காமல் இருக்கவும் பயமாக இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் ஒரு சின்னப் பொய்கூடச் சொன்னதில்லை. இப்போது குரலுக்குள் எதையோ மூடி வைத்துக்கொண்டு பேசுகிறார். அவரைப் பறிகொடுத்துவிட்டு நான் இங்கே யாருக்காக உழைப்பது?

கருவி விஷயம், பொறுத்துப் பார்க்கலாம் மாமா. அவரிடம் எதுவும் கேட்டுவிடாதீர்கள்.

மாத்திரையை மறக்காமல் போடுங்கள்.

சிட்டு


மார்ச் 25

சொன்ன சொல் தட்டாத மாமனிடமிருந்து சிட்டுவுக்கு,

வேலை முடிந்தது! "பொருத்து, பார்க்கலாம்" என்று நீ எழுதியதைப் படித்த மறுநிமிடம் சட்டையை மாட்டிவிட்டேன். நீ அவசரத்தில் பெரிய று போட்டு, நடுவில் தேவையே இல்லாமல் ஒரு ப் வேறு சேர்த்திருந்தாய். நான் எட்டாவதோடு நிறுத்திக்கொண்டவன்தான், ஆனாலும் பொருத்துவதற்குச் சின்ன ரு என்று தெரியும். இவ்வளவு படித்த பிள்ளை இப்படி எழுதலாமா? போகட்டும், வேலைக் களைப்பு.

ஞாயிற்றுக்கிழமை பேக்கரிக்கு விடுமுறை. "ஹாரன் சரியில்ல மாப்பிள்ளை, நான் பாத்துட்டு வரேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டு கார் ஸ்டீரியோ கடைக்குப் போனேன். கழுத்தில் எப்போதும் ஹெட்போன் தொங்கும் ஆள் ஒருவன் அங்கே இருக்கிறான்.

"வண்டி உங்களுதா பெரியவரே?"

"என் அக்கா மகளோடது. என்னோடதுன்னே வச்சுக்க."

"ஓட்டுறவருக்குத் தெரியுமா?"

"தெரியக் கூடாதுன்னுதானப்பா உன்கிட்ட வந்திருக்கேன்."

"சொல்லிட்டு வச்சா நல்லது."

"ஏரோப்ளேனுக்கே இந்த வேலை பண்ணினவன்கிட்ட நீ புத்தி சொல்றியா?" என்றேன். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தான்.

சிவப்பு வயர், கருப்பு வயர், சாவி போட்டால் உயிர் வருகிற மஞ்சள் வயர், எல்லாவற்றையும் சேர்த்து முடித்தோம். அவன் சேர்த்தான், நான் டார்ச் பிடித்தேன். டார்ச் பிடிப்பவன் கை நடுங்கினால் மொத்த வேலையும் போச்சு.

இனிமேல்தான் குழப்பம். திங்கட்கிழமை வண்டி கிளம்பியது. புள்ளியும் கிளம்பியது. கிடங்குத் தெருவரை ஓடி, அங்கே நின்றது. நின்றது நின்றதுதான். போனைத் தட்டினேன், அணைத்துப் போட்டேன், மாடிப்படியில் ஏறி நின்று ஆகாயத்துக்குக் காட்டினேன். நகரவில்லை. சாயங்காலம் வண்டியோடு சேர்ந்து வீட்டுக்கு வந்தது. மறுநாளும் அதே கதை. நேரே ஹெட்போனிடம் போய்ச் சத்தம் போட்டேன்.

"உன் புள்ளி செத்துப்போச்சுடா!"

"புள்ளி சாகல பெரியவரே. வண்டி நிக்குது."

"ரொட்டி வண்டி எப்படிடா நாள் பூரா நிக்கும்? ரொட்டி காஞ்சு போகாது?"

மட்டமான பெட்டியைத் தலையில் கட்டிவிட்டான் என்று நினைக்கிறேன். விட மாட்டேன்.

விஞ்ஞானி
மாமா


ஏப்ரல் 6

மாமா,

என்ன காரியம் செய்துவிட்டீர்கள்! நான் எழுதியது "பொறுத்து". பொறுமையாக இருந்து பார்க்கலாம் என்று எழுதினேன். அது பெரிய று தான். தெரிந்துதான் போட்டேன்.

இது அவருக்குத் தெரிந்தால் என் முகத்தில் எப்படி விழிப்பார்? சந்தேகம் என் மனதோடு இருந்தவரை அது என் கஷ்டம். இப்போது அதைக் கொண்டுபோய் அவர் காலடியில் ஒளித்து வைத்திருக்கிறோம். தயவுசெய்து கழற்றிவிடுங்கள். அந்தக் கடைக்காரரிடம் சண்டையும் வேண்டாம்.

இவ்வளவும் எழுதிவிட்டு, இந்தத் தாளை மடிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். கிடங்குத் தெருவில் அவருக்கு யாரைத் தெரியும்? அங்கே வீடுகூட இல்லையே மாமா. பழுது பெட்டியில் இல்லை என்றால்? எனக்கு ஒன்றும் புரியவில்லை. கழற்றுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இப்படிக் கேட்பதற்கு என்னை நானே வெறுக்கிறேன்.

சிட்டு


ஏப்ரல் 18

சிட்டுக் கண்ணுக்கு,

பெரிய றுவுக்கு என்னை மன்னித்துவிடு. ஆனால் இந்த ரெண்டு எழுத்தையும் ஒரே சத்தத்தில் வைத்தவனை யார் மன்னிப்பது?

கிடங்குத் தெருவுக்குப் போனேன். துப்பறிகிறவன் மாதிரி தொப்பி வைத்துக்கொண்டு, பழைய பேப்பர் ஏற்றுகிற லாரிக்குப் பின்னால் மறைந்து நின்றேன். பூட்டிக் கிடந்த கிடங்குச் சுவரை ஒட்டி நம் வேன் நின்றது. உள்ளே அவர் மட்டும்தான். பெண்ணும் இல்லை, பேயும் இல்லை. தேய்த்த பேக்கரிச் சட்டை போட்டு, பட்டனை எல்லாம் மாட்டிக்கொண்டு, ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து இறங்கிப் பின்கதவைத் திறந்து காலித் தட்டுகளைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். ஏறி உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டார். அப்போது போன் அடித்தது. எடுக்கவில்லை. அடித்து ஓய்கிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்ந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மதியம் கூப்பிட்டது நீதானே?

அங்கிருந்து பேக்கரிக்குப் போய் முதலாளியின் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டேன். சரி, கேட் காவலாளியிடம் கேட்டேன்.

"அந்த லைனா? அது பெரிய கம்பெனி வண்டிக்குப் போய் ரெண்டு மாசமாச்சே. சொந்த வண்டிக்காரங்க எல்லாரையும் நிறுத்திட்டாங்க பெரியவரே" என்றான்.

வேலை போனதை உனக்குச் சொல்ல வாய் வராமல், தினம் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போய் அந்தச் சுவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டு வருகிறார் மனுஷன். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. இந்த மாதிரி நான் எழுதி நீ படித்திருக்க மாட்டாய்.

பெட்டியைக் கழற்றவும் வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை சாவி கேட்டேன். "ஹாரன் நல்லாத்தான் இருக்கு மாமா" என்று சொல்லி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

மாமா


ஏப்ரல் 23

சிட்டு, நல்ல சேதி!

போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. புள்ளி நகர்கிறது! புதன்கிழமையிலிருந்து மாப்பிள்ளை பழைய லைனிலேயே போகிறார். முனைக்கடை, பள்ளிக்கூடத்து கேன்டீன், பாலத்தடி ஹோட்டல் என்று ஒவ்வொரு கடை வாசலிலும் புள்ளி கொஞ்சம் நின்று, அப்புறம் அடுத்த கடைக்குப் போகிறது. ரொட்டி இறக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நிற்கிறது. வேலை திரும்பக் கிடைத்துவிட்டது! காவலாளியிடம் நான் போட்ட சத்தம் மேலே வரைக்கும் எட்டியிருக்க வேண்டும். என் பெயர் அங்கே அப்படி.

அதிலும் என்ன உழைப்பு என்கிறாய்! ஞாயிற்றுக்கிழமைகூட வண்டி ஓடியது. ஒரு கடை விடாமல் நின்று நின்று போனது. இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும்?

ஒன்று மட்டும் குழப்பம். காலையில் பின்கதவு திறந்திருந்தபோது எட்டிப் பார்த்தேன். தட்டெல்லாம் காலியாகவே இருந்தது. ரொட்டியைப் பேக்கரியில்தானே ஏற்றுவார்கள்? அப்படித்தான் இருக்கும்.

வெற்றி வீரன்
மாமா


மே 4

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதங்கள் இரண்டும் ஒரே நாளில் வந்தன. ஞாயிற்றுக்கிழமை என்று எழுதியிருந்த இடத்தில் நின்றுவிட்டேன். அன்றைக்குப் பேக்கரி மூடியிருக்குமே மாமா. யாருடைய ரொட்டியை இறக்குவார்?

அவர் பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டார். நான் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்து, வெறும் வண்டியைக் கடை கடையாக ஓட்டிக்கொண்டு போகிறார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, ரொட்டி இறக்குகிற நேரத்தை எண்ணிவிட்டுக் கிளம்புகிறார். வேறு ஒருத்தி இருந்திருந்தால்கூட எனக்குச் சண்டை போடத் தெரிந்திருக்கும். இதற்கு என்ன செய்வது?

வீட்டில் இருக்கும்போது கூப்பிட்டால் சமாளித்துப் பேசிவிடுவார். அதனால் பதினாறாம் தேதி மதியம், அவர் வண்டியில் இருக்கும்போதே கூப்பிடப் போகிறேன். எடுக்கிற வரை விட மாட்டேன். எல்லாம் தெரியும் என்று நானே சொல்கிறேன். அவர் என்னை மன்னிப்பாரா, இதோடு எல்லாம் முடிந்துபோகுமா, தெரியவில்லை. நீங்கள் நடுவில் எதுவும் சொல்ல வேண்டாம். புள்ளியையும் இனிமேல் பார்க்காதீர்கள். நான் பார்ப்பதில்லை.

சிட்டு


மே 17

சிட்டுவுக்கு,

நேற்று நடந்ததில் உன் பக்கம் உனக்குத் தெரியும். வண்டிக்குள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. நான் அங்கே இருந்தேன். உன் பேச்சை மீறவில்லை. மாத்திரை வாங்கப் போனவன் பக்கத்தில் வேன் வந்து நின்றது.

"ஏறுங்க மாமா."

"நான் நடந்தே போவேன் மாப்பிள்ளை, தினம் பத்து மைல் நடக்கிறவன்..."

"ஏறுங்க."

ஏறினேன். முனைக்கடை வாசலில் நிறுத்தினார். கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். மாப்பிள்ளை டேஷ்போர்டுக்கு அடியில் கையை நீட்டிக் காட்டினார். உள்ளே சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.

"நாள் முழுக்க இதுக்குள்ளயே உக்காந்திருக்கேன் மாமா. நீங்க மறுபடி சாவி கேட்டதும் ஒவ்வொரு ஸ்க்ரூவாத் தேடிப் பாத்தேன். பெட்டியில கடை பேரு ஒட்டியிருந்துச்சு. போய்க் கேட்டேன். ஏரோப்ளேன் ரிப்பேர் பண்றவர் ஒருத்தர் வந்து வச்சிட்டுப் போனாருன்னு சொன்னாங்க."

"அப்புறம் எதுக்கு மாப்பிள்ளை டீசலைக் கொட்டிச் சுத்துறீங்க? பிடுங்கிப் போட வேண்டியதுதானே?" என்று மட்டும் கேட்டேன்.

"அவ பாத்துக்கிட்டிருப்பாளே மாமா. நிக்கிற புள்ளியை எவ்வளவு நேரம் பாப்பா?"

அப்போதுதான் உன் போன் வந்தது. அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. எடுத்தார். "லைன்ல இருக்கேன், அப்புறம்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். நீ என்ன சொன்னாயோ, போனைக் காதிலிருந்து எடுக்காமலே தலையை ஸ்டீயரிங்கில் சாய்த்துக்கொண்டார். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. அவருக்கு எதுவும் கேட்கவில்லை. நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி எல்லோரையும் சுற்றிப் போகச் சொன்னேன். அரை மணி நேரம் போக்குவரத்தையே நடத்தினேன். சரி, அரை மணி நேரம் இருக்காது.

பிறகு நிமிர்ந்தார். குரல் மாறியிருந்தது. இத்தனை நாளும் அவருக்குள்ளே கிடந்த கோபம் அப்போதுதான் வெளியே வந்தது.

"கேட்டிருக்கலாமே நீ? நேரா என்னையே கேட்டிருக்கலாமே?"

நீ பதில் சொன்னாய் போலிருக்கிறது. அதற்கு அவர், "ஆமா, நானும் சொல்லியிருக்கலாம்" என்றார். அப்படியே குனிந்து பெட்டியைப் பிடித்து இழுத்தார். வயரோடு கையில் வந்தது. சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது.

"இப்ப நான் எங்க இருக்கேன், சொல்லு பாப்போம்."

நீ என்ன சொன்னாய் என்று எனக்குக் கேட்கவில்லை.

"தெரியலையா? சரி, நானே சொல்றேன். முனைக்கடை வாசல். வலது பக்கம் சலவைக் கடை, ஷட்டர் பாதி இறங்கியிருக்கு. ரோட்ல ஒரு குடை கிடக்கு, யாரும் எடுக்கல. வண்டியில ரொட்டி இல்ல. மூணு மாசமாவே இல்ல. பக்கத்துல உன் மாமா உக்காந்து முழிச்சிக்கிட்டிருக்காரு."

அதற்கு நீ சிரித்தாயா, அழுதாயா? அவர் முகத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் மேலே மேலே சொல்லிக்கொண்டே போனார். கிடங்குத் தெரு, காலித் தட்டு, பேக்கரி ஆள் வந்து இனி வர வேண்டாம் என்று சொன்ன நாள் என்று எல்லாவற்றையும் சொன்னார். இனி அங்கே எனக்கு வேலை இல்லை என்று தோன்றியது. சத்தம் வராமல் கதவைத் திறந்து இறங்கினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சலவைக் கடைச் சுவர் ஓரமாக நின்றேன். வெகுநேரம் கழித்து வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் திரும்பியது என்று என்னைக் கேட்காதே. நான் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன்.

மாமா