பொம்மைக்கு வந்த வெட்கம்

மே 20, செவ்வாய்
எங்கள் சமூக வலைத்தளப் பதிவுகள் மேல் இன்று என் பங்குக்கு ஆயிரத்து எண்ணூறு புகார்கள். ஒன்றுக்குப் பன்னிரண்டு நொடி. பதிவை நீக்கவா, விடவா? நீக்கினால் ஏழு காரணங்களில் ஒன்றைத் தொட வேண்டும். மதியம் கண் சொக்கும் நேரத்தில் ஒரு தையல்கார அம்மா போட்ட படம் வந்தது. ‘துணியில்லாத உடல்’ என்று யாரோ புகார். நானும் மூன்றாம் காரணத்தைத் தொட்டேன்: நிர்வாணம். அதைத் தொட்டால் முழுப் பக்கமும் பூட்டிக்கொள்ளும். அது துணி மாட்டிப் பார்க்கும் தையல் பொம்மை என்பது பதின்மூன்றாவது நொடியில்தான் உறைத்தது. அதற்குள் அடுத்த புகார்.

மே 21
தையல்கார அம்மா தன் மகளின் பக்கத்தில் எழுதியிருக்கிறார்: “என் பொம்மைக்குத் தலை இல்ல, கை இல்ல. வெட்கம் மட்டும் எங்கேருந்து வந்துச்சு? பள்ளிக்கூடம் திறக்கப் போறாங்க. சீருடை அளவெல்லாம் அந்தப் பக்கத்துலதான் இருக்கு.”
ஆறாயிரம் பேர் பகிர்ந்திருக்கிறார்கள். வேலை போய்விடுமோ?

மே 22
“யாருய்யா அந்தப் புண்ணியவான்?” என்றார் மேலாளர். கையைத் தூக்கினேன். “சாயங்காலம் வா, பேசிக்கறேன்” என்றார். சாயங்காலம் பேசவில்லை.

மே 23
ஊரே தையல் பொம்மைப் படம் போடுகிறது. சிலர் பொம்மைக்கு டை கூடக் கட்டியிருக்கிறார்கள். ‘இந்தத் தளத்தை விட்டே போகிறேன்’ என்று நாற்பதாயிரம் பேர் எழுதிவிட்டார்கள் — எங்கள் தளத்திலேயே. யாராவது போகாதே என்கிறார்களா என்று பார்க்க மணிக்கொரு முறை திரும்பியும் வருகிறார்கள். வருகை இரண்டு மடங்கு.
என் அக்காவும் தளத்தை விட்டுப் போய்விட்டாள். காலையில் ஒருமுறை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை. நான் அங்கே வேலை பார்ப்பது தெரியும். நீக்குகிற வேலை என்பது தெரியாது. “நீக்கினவனுக்கு இருக்கறது கண்ணா, புண்ணா?” என்றாள், என் தட்டில் பரிமாறிக்கொண்டே.

மே 26
மேலாளர் என் தோளில் தட்டினார்! திரையில் வருகைக் கோடு செங்குத்தாக ஏறுகிறதாம்.
“சார், தப்பு நம்மளுது. திறந்துடலாமா?”
“பரிசீலனையில இருக்குன்னு போடு. என்ன அவசரம்?”
எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்.

மே 29
பரிசீலனையில் இருக்கிறது.

மே 30
பரிசீலனையில்தான் இருக்கிறது. கோடு மூன்று மடங்கு.

ஜூன் 2
தையல்கார அம்மாவின் மகள் புகார்ப் பெட்டிக்கு எழுதியிருக்கிறாள்: “சார், போராட்டமெல்லாம் நாங்க கேக்கல. ஒரு மணி நேரம் திறந்து விடுங்க, அளவை மட்டும் எடுத்துக்கறோம். நூத்திப்பத்து பிள்ளைங்க. அம்மா மறுபடி வீடு வீடா ஏறி அளவெடுக்கறாங்க. முட்டி வீங்கிப் போச்சு.”
இதை யாரும் பகிரவில்லை. எனக்கு மட்டும்தான் வந்தது.
பரிசீலிக்க இங்கே யார் இருக்கா? நான்தானே! பன்னிரண்டு நொடியில பூட்டினவனுக்குத் திறக்கப் பதிமூணு நாளா? வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 3
யாரையும் கேட்காமல் திறந்துவிட்டேன். ஒரே ஒரு பொத்தான்.

ஜூன் 5
கோடு விழுந்துவிட்டது. கோபப்பட ஒன்றுமில்லை என்றதும் பலர் நிஜமாகவே போய்விட்டார்கள். மேலாளர் வருத்தத்தோடுதான் சொன்னார்: “நீக்கினதுக்கு உன்னைக் காப்பாத்தினேன் தம்பி. திருப்பிப் போட்டதுக்கு எப்படிக் காப்பாத்துவேன், சொல்லு?”
அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் லீவு என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 9, திங்கள்
பள்ளி திறந்துவிட்டது. தையல்கார அம்மாவின் பக்கத்தில் சீருடைப் பிள்ளைகள் வரிசையாக நிற்கிற படம். ஏழு பேருக்கு மட்டும் நாளைக்குத் தருவாராம். அந்த வரியை இரண்டு தடவை படித்தேன்.
அக்கா அதே படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். “பாத்தியா, நாங்க போராடித் திறக்க வெச்சோம்!” அவளுடைய வெற்றிப் பதிவுக்கு ஐந்நூறு விருப்பம். “ஏன்டா, இந்த மாதிரி ஒரு நல்ல காரியம் நாமளும் செய்யணும்னு உனக்கெல்லாம் தோணவே தோணாதா?”
“தோணலக்கா” என்றேன்.
சரி, ஒரு விருப்பமாவது போடு என்றாள். போட்டேன்.