முதல் திங்கட்கிழமையின் அளவு

மார்ச் 4, திங்கள்

நான்கு வருடம் கழித்து இன்று காலை தலைக்கு மை போட்டேன். மகளின் நச்சரிப்பு. "நரையோட பட்டமளிப்புக்கு வந்தா உன் பக்கத்துல நின்னு ஃபோட்டோவே எடுக்க மாட்டேன்மா."

பின்னந்தலைக்குக் கை எட்டவில்லை. அவர் இருந்தவரை பழைய டூத் பிரஷ்ஷால் பூசிவிடுவார். மாதத்தின் முதல் திங்கள், நான் ஆய்வகத்துக்குக் கிளம்பும் முன். எங்கள் ஆலையிலேயே கொதிகலன் ஓட்டியவர்; அவருக்குத் திங்கள்தான் வார விடுமுறை. "ஆடாதடி, என் கொதிகலனே உன்னவிட அமைதியா இருக்கும்" என்பார்.

கொதிகலனுக்குப் போகும் சுத்தத் தண்ணீரில் இன்று அம்மோனியா பத்தொன்பது! வழக்கம் மூன்று. அதுவும் நூறு கோடிப் பங்கில் மூன்று.

மார்ச் 5

மூன்று. அப்பாடா.

ஏப்ரல் 1, திங்கள்

காலையில் மறுபடி மை. ஆய்வகத்தில் பதினேழு. அம்மோனியா அளக்கும் எலக்ட்ரோடின் சவ்வை மாற்றினேன், அளவு தெரிந்த கரைசலில் சரிபார்த்தேன். கருவியில் குறையில்லை. பாதி நாள் ஆலையை நிறுத்திக் குழாய் குழாயாகத் தேடினார்கள். ஒன்றுமில்லை. தலைமை வேதியியலாளர், புதிதாக வந்தவர், என்னைவிடச் சின்னவர், எல்லார் முன்னாலும் சொல்கிறார்: "உங்களுக்குக் கை தவறுது அக்கா. பேசாம ஸ்டோருக்குப் போயிடுங்க."

இருபத்தாறு வருஷம்! ஓய்வுக்கு ரெண்டே வருஷம் இருக்கு. மூட்டை எண்ணிக்கிட்டு உக்காரவா நான்? கழிப்பறைக்குள் போய் அழுதேன்.

வீட்டில் மகள் மடியில் தலை சாய்த்தேன். "ஐயோ அம்மா, தலைல என்ன நெடி! கண்ணு எரியுது."

எழுந்து மைக்குப்பியை எடுத்துப் படித்தேன். சேர்மானத்தில் இரண்டாவது பெயரே அம்மோனியா. அடிப்பாவி!

ஏப்ரல் 2

இரண்டு குவளை சுத்தத் தண்ணீர். ஒன்றை மூடிவைத்தேன். மற்றதன் பக்கத்தில் மைக்குப்பியைப் பத்து நிமிடம் திறந்துவைத்தேன். மூடியது மூன்று, திறந்தது நாற்பத்தொன்று.

"அப்போ குனிஞ்சு குனிஞ்சு உங்க தலைமுடியத்தான் அளந்திருக்கீங்க!" தலைமை வேதியியலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மன்னிப்பும் கேட்டார். ஸ்டோர் பேச்சு ஒழிந்தது. "பழைய பதிவேட்டுலயும் இந்த மாதிரி இருந்தா சிவப்புல 'தவறு'ன்னு போட்டுடுங்கக்கா."

ஏப்ரல் 3

அவர் இருந்த காலத்திலிருந்து பழைய பதிவேடுகளைப் புரட்டினேன். முதல் திங்கள் பதினெட்டு. அடுத்த மாதம் இருபது. அடுத்தது பதினாறு. ஒவ்வொரு முறையும் செவ்வாயன்று மூன்றுக்கு வந்துவிடும், அதனால் அப்போதிருந்தவர்கள் யாரும் துருவவில்லை. அவர்தான் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "நேத்து நான் வரலைன்னு தண்ணிக்குக் கோபமா?" என்பார். நானும் சிரித்துவிட்டு மறந்துவிடுவேன். காரணம் இரண்டு பேருக்கும் தெரியாது.

பதினோரு வருடம், ஒரு மாதம் தவறவில்லை. கடைசியாக ஒரு ஒன்பது. நோய்ப்படுக்கையில் உட்கார்ந்தபடி பாதித் தலைக்குத்தான் அன்று பூச முடிந்தது அவரால். அதற்குப் பிறகு மூன்று, மூன்று, மூன்று. பக்கம் பக்கமாக மூன்று.

இந்த மார்ச்சையும் ஏப்ரலையும் சிவப்பில் குறித்தேன். பேனாவை மூடிவிட்டேன்.

சாயங்காலம் தலைமை வேதியியலாளர் எட்டிப் பார்த்தார். "பழசுல ஏதாவது இருந்துச்சா அக்கா?"

"ஒண்ணும் இல்ல தம்பி" என்றேன்.