மாடியிலிருந்து வந்த கத்தல்

ஞாயிறு ராத்திரி, ரவுண்ட் ராக்

இன்றைக்கும் அமெரிக்கன் ஃபுட்பாலில் எங்கள் டீம் தோற்றது. ஆனால் தூக்கம் வராததற்குக் காரணம் அது இல்லை.

பந்தை எறியும் குவார்ட்டர்பேக் மேல் அடி விழாமல் காக்க வேண்டிய முன்வரிசை ஐந்து பேரும் வேஸ்ட், மொத்தமாகத் தூக்கிவிட்டுப் புது ஆட்களைப் போடணும் என்று நானும், மேட்ச் பார்க்க வீட்டுக்கு வந்திருந்த நண்பர்களில் ஒருவனான சேகரும் டிவி முன்னால் கத்திக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்த மகள் நிலா, "அப்பா, நாலு பேர் ஓகே. ரைட் டேக்கிள் மட்டும்தான் ப்ராப்ளம்" என்றாள். ஏன் என்று அவள் சொல்வதற்குள், "சரி, நீ போய் சட்னி எடுத்துட்டு வா" என்றேன்.

அவள் சட்னியோடு வந்தபோது, சேகர் ரீப்ளே பார்த்துவிட்டு அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். "கரெக்டுடா" என்று முதலில் தலையாட்டியது நான்தான். நிலா கிண்ணத்தை வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். யார் எங்கே நிற்பார்கள், எதற்கு நிற்பார்கள் என்று இந்த ஆட்டத்தையே எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்.

மிச்சத்தை மேலே போனில் பார்த்தாள். போனில் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். எங்கள் டீம் பாயிண்ட் எடுத்த முதல் டச்டவுனுக்கு நாங்கள் கத்தி ஓய்ந்த பிறகு, மேலேயிருந்து தனியாக ஒரு கத்தல் கேட்டது. நாங்கள் கத்தியதில் அவளுக்கு முன்னாடியே தெரிந்திருக்கும். அப்படியும் கத்தினாள்.

கடைசி டச்டவுனுக்கு எல்லாரும் எழுந்து குதித்தார்கள். நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு மாடிப்பக்கம் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன்.

சத்தமே வரவில்லை.