கதவுக்கு வெளியே நிற்பவர்

என்னவருக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? சுரங்க வேலையை இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கண்ணாடிக் கடையில் இரண்டு பேருடைய மூக்குக்கண்ணாடிகளை மாற்றிக் கொடுத்துவிட்டேன். ஒருவர் படியில் தடுமாறிய பிறகுதான் தெரிந்தது. முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பதிலுக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நம் பேய் விளையாட்டை நாங்கள் நிறுத்தவில்லை. நீங்கள் கதையை நடத்த, நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பயந்து சாவோமே, உங்கள் நாற்காலியில் இப்போது நான். உங்களைப் போல எனக்குக் கற்பனை கொட்டாது. நீங்கள் போட்டுக் கொடுத்த அட்டவணைதான் கதி. இடம், ஆபத்து, ரகசியம் என்று மூன்று தடவை பகடையை உருட்டினால் கதை தயார். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் உருட்டிப் பழகினேன். ஒன்றிலும் மனசு நிற்கவில்லை. பாழடைந்த காற்றாலை, ரத்தம் குடிக்கும் சீமாட்டி, அவளுக்கு ரத்தத்தைக் கண்டாலே மயக்கம் என்று ஒருமுறை வந்தது. என் தம்பி, அதான் உங்கள் அருமை மச்சான், அதையே வைத்துக்கொள்ளச் சொல்லி என் காலில் விழாத குறை.

ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் உருட்டினேன். மூடுபனியில் ஒரு மாளிகை. கதவைத் தட்டும் ஒருவர். மூன்றாவதான ரகசியத்தை வழக்கம்போல் கையால் மறைத்துப் பார்த்தேன். வந்திருப்பது வீட்டைவிட்டுப் போனவர் இல்லை, அவர் உருவத்தில் வேறொன்று. யாருக்கும் தெரியாமல் மாற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனால் விழுந்ததை மாற்றக் கூடாது என்பது நீங்கள் வைத்த சட்டம். அதை மீற மனசு கேட்கவில்லை.

நம் வாலுவும் இப்போது விளையாடுகிறாள். நீங்கள் போகும்போது பகடையை வாயில் போட்டுக்கொண்டவள், அன்று அந்த மாளிகையின் மகள். திரையை இழுத்துவிட்டு மேஜையைத் தட்டினேன். வெளியூர் போன அப்பா வந்திருக்கிறார் என்று சொல்லி, குரலை மாற்றி, "நான்தான், திறங்க" என்றேன். மேல்வீட்டு மருந்துக்கடைக்காரர், "பாவம், குளிர்ல நிக்கிறாரு, திறந்துடலாம்" என்று உருகினார். உங்கள் மச்சானும் தலையாட்டினான். வாலு மட்டும், "இருங்க, நான் ஒண்ணு கேக்கணும்" என்று எழுந்து நின்றாள். "எனக்கு எந்தப் பல்லு விழுந்துச்சு, சொல்லுங்க" என்றாள்.

அட்டவணையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். போன வாரம் போனில் அதைச் சொல்லத்தான் அவள் காத்திருந்தாள். ஷிப்டுக்கு நேரமாச்சு என்று நீங்கள் வைத்துவிட்டீர்கள். "தெரியலல்ல? அப்போ அப்பா இல்ல. திறக்காதீங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பகடை சொன்னதும் அதுதானே. எல்லோரும் அவளுக்குக் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். பிறகு சமையலறைக்குப் போய், சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் பள்ளிக்குக் கிளம்பும்போது, "நிஜ அப்பாவுக்கும் தெரியாதுல்லம்மா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அவளுக்குக் கோபம் இருந்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

எனக்கு உங்கள் மேல் கோபம்தான், மறைக்கவில்லை. ஏற்கெனவே இரண்டு தடவை நீட்டித்தபோது, நீங்கள் கேட்டீர்கள் என்று சரி சொன்னேன். இந்தத் தடவை சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போடாதீர்கள். வந்த பிறகு என்ன வேலை என்பதை இரண்டு பேருமாகப் பார்த்துக்கொள்ளலாம். உங்களைக் கதவைத் தட்ட வைக்க மாட்டேன், அவளையும் கூட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்கே வந்து நிற்பேன்.

எந்தப் பல் என்று எழுதப் போவதில்லை. இங்கிருந்து நான் சொல்லிக் கொடுத்து நீங்கள் ஒப்பிப்பது எனக்கு வேண்டாம். அந்த இடத்தில் புதுப் பல் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. அது முழுசாக வருவதற்குள் வந்து, அவள் வாயைத் திறக்கச் சொல்லி நீங்களே பாருங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்காகவே இருக்கிற,
வாலுவின் அம்மா